விளக்கு வைப்பதற்குள் மதுரை போய் வந்தது

எங்கள் ஊரிலிருந்து மதுரை ஒன்றரை மணி நேரம். இம்புட்டுத் தூரத்துக்கா இவள் இவ்வளவு எழுதுகிறாள் என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். காசிக்குப் போய் வந்தவர்கள் எங்கள் ஊரில் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களையும் கேட்டுப் பார்த்தேன். நான் இந்த இரண்டு நாளில் பட்ட பயத்தில் பாதிகூட அவர்கள் காசிக்குப் போய் வருவதற்குள் படவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்ற கை என்னுடையது. நிதானமாகத்தான் வரும்.

புரட்டாசிப் பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் எங்கள் ஊரில் காப்புக் கட்டுவார்கள். செவ்வாய்க்கிழமை இரவு கோயிலில் பூசாரி தன் கையில் மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டால் ஊர் முழுவதற்கும் கட்டியதுபோலத்தான். அதன்பிறகு எல்லைக் கல்லைத் தாண்டி யாரும் வெளியூரில் தங்கக் கூடாது. அவசியம் என்றால் போகலாம். ஆனால் சாயங்காலம் அம்மனுக்கு விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். விளக்கு வைத்த பிறகு வந்தால் பொங்கல் முடிகிறவரை கல்லுக்கு அந்தப் பக்கம்தான். என் சின்ன மாமனார் ஒரு வருடம் மாட்டுச் சந்தைக்குப் போய்த் தாமதமாகி, ஐந்து நாள் பம்புசெட்டு அறையில் கிடந்தார். அவர் வீட்டுப் பொங்கலை வாழையிலையில் கட்டி எல்லைக் கல்லின்மேல் வைத்துவிட்டு வந்தோம். ஆகவே அந்த வாரம் எங்கள் ஊரில் யாரும் கிளம்ப மாட்டார்கள்.

ஆனால் காப்புக் கட்டியிருக்கிறது என்று மல்லிகை பூக்காமல் இருக்காது. பஸ் வந்து நான்கு வருடமாகிறது. அது வந்த தைரியத்தில்தான் சோளம் போட்ட நிலத்தில் மல்லிகை வைத்தோம். இருட்டோடு மொட்டுப் பறித்து, ஈரச்சாக்குப் போட்டுக் கூடையை மூடி, விடிகிற நேரத்துப் பஸ்ஸில் ஏற்றினால்தான் பூ விரிவதற்குள் மதுரைப் பூக்கடையில் சேரும். காப்பு வாரத்தில் நாங்கள் ஏறுவதில்லை. கூடைகளை மட்டும் ஏற்றிவிடுவோம். எது யாருடையது என்று தெரிய ஒவ்வொரு கூடையின் காதிலும் ஒரு துணி கட்டியிருக்கும். எங்கள் வீட்டுக்குச் சிவப்பு. கண்டக்டர் முனியாண்டி கூடைகளைக் கடையில் சேர்த்துவிட்டு, சாயங்காலம் வெறுங்கூடைகளைக் கொண்டுவந்து கொடுப்பார்.

காப்புக் கட்டிய மறுநாள், புதன்கிழமை சாயங்காலம், அவர் கூடைகளை இறக்கிக்கொண்டே சொன்னார்.

"பெரியாத்தா, உங்க ஊர்க்காரவுக காரியத்தைக் கெடுத்துட்டீக. பஸ்ஸுக்குள்ள ஒரு ஆளு அட்டையும் பென்சிலுமா உக்காந்திருக்காரு பாத்தீகளா? இன்னைக்கு, நாளைக்கு, நாளை மறுநாளு, மூணு நாளைக்கு எண்ணுறாரு. இன்னைக்குக் காலையிலயும் சைபரு, இப்பவும் சைபரு."

"எண்ணி என்ன செய்வாகளாம்?"

"மெட்ராஸுக்கு அனுப்புவாக. ஆளு இல்லாட்டி பஸ்ஸை மெயின் ரோட்டோட திருப்பிருவாக. உங்க ஊரு நாலு மைலுக்கு டாட்டாதேன்."

அன்று கோயில் முன்னால் ஆண்கள் கூடிப் பேசினார்கள். எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: பொங்கல் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம். பொங்கல் முடிகிறபோது காகிதம் மெட்ராஸில் இருக்கும் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. "நான் போயிட்டு வாரேன்" என்றேன். என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டார்.

"விளக்கு வைக்கிறதுக்குள்ள வந்துரணும். அம்புட்டுத்தேன் நான் சொல்லுவேன்" என்றார் பூசாரி.

என் ஓரகத்தி வெள்ளையம்மாள், அதாவது என் கொழுந்தனாரின் மனைவி, கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, "அக்கா தாராளமாப் போகட்டும். வர முடியாமப் போச்சுன்னா மொதப் பாரியை நான் தூக்கிக்கிறேன்" என்றாள்.

முளைப்பாரியை இருட்டறையில் வளர்த்து, பொங்கலன்று தலையில் வைத்து ஊர்ப் பெண்கள் கோயிலுக்குக் கொண்டுபோவோம். வரிசையில் முன்னால் போகிற முதல் பாரி எங்கள் வீட்டுப் பாரி. மருமகளாக வந்த வருடம் முதல் அதை நான்தான் சுமக்கிறேன். வெள்ளையம்மாளுக்கு அதன்மேல் ஒரு கண் உண்டு.

வியாழக்கிழமை விடியலில் பஸ் ஏறினேன். டிரைவர், முனியாண்டி, அட்டைக்காரர், இருபத்துமூன்று பூக்கூடை, நான். அட்டைக்காரர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒல்லியான மனிதர். வயிற்றுப் புண்ணோ என்னவோ, ஒரு பன்ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து மென்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அட்டையில் ஒரு கோடு போட்டார். அந்தக் கோடு நான்தான் என்று புரிய எனக்கு ஒரு மைல் ஆயிற்று.

"தம்பி, இதெல்லாம் எதுக்கு?"

"மாநிலம் பூராவும் நடக்குது ஆத்தா. பஸ்ஸு, ரயிலு, லாரி, மாட்டு வண்டி, சைக்கிள், எல்லாத்தையும் எண்ணுறோம். எந்த ரோட்டுல எது ஓடணும்னு மொத்தமா ஒரு திட்டம் போடப் போறாங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு இலக்கு. பஸ்ஸுன்னா ஒரு ட்ரிப்புக்கு இத்தனை ஆளு ஏறணும், பத்து நிமிஷத்துக்கு மேல லேட்டாகக் கூடாது."

"ஒரு கூடைக்கு ஒரு ஆளுன்னு போட்டுக்கங்க. காப்பு வாரம் இல்லாட்டி கூடைக்குப் பக்கத்துலயே ஆளும் நிக்கும்."

அவர் பன்னை மடித்துப் பையில் வைத்தார். "இல்லாததை எழுத மாட்டேன் ஆத்தா. கூடை சரக்குக் கணக்கு. அது லாரிக்காரங்க கட்டத்துல வரும். நீங்க ஆபீசுல போய்ச் சொல்லுங்க."

ஆபீஸ் ஆற்றுக்கு வடக்கே, கோரிப்பாளையத்துக்கு அப்பால். பஸ் ஸ்டாண்டிலிருந்து ரிக்‌ஷாவில் போனேன். பாலத்தின்மேல் லாரியும் ஜட்காவும் சைக்கிளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. எங்கள் ஊரில் எதிரே ஒரு வண்டி வந்தால் இறங்கி நலம் விசாரித்துவிட்டுத்தான் போவோம். இங்கே ரிக்‌ஷாக்காரர் எதிரே வந்தவனின் ஏழு தலைமுறையையும் விசாரித்தார்.

ஆபீஸில் பியூன், "ஐயா கேம்ப் போயிருக்காரு, நாளைக்கு வாங்க" என்றார். எப்போது வருவார் என்று தெரியாதாம். ஒருவேளை மத்தியானமே வந்துவிட்டால் என்று மரத்தடியில் இரண்டு மணிவரை நின்றேன். வரவில்லை. காப்பு நாளில் பகலில் சாப்பிட மாட்டேன். விளக்கு வைத்த பிறகுதான் சாப்பாடு. தெருவெல்லாம் பிரியாணி வாசனை. தலை சுற்றியது. எதிரே கோரைப்பாய் விற்கிற கடையிலிருந்து ஒரு பெண்மணி எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். மரியம் பீவி என்று பெயர், என் வயதுதான் இருக்கும்.

"என்னம்மா இப்புடித் தள்ளாடுறீங்க? உள்ள வாங்க. டீ சொல்லவா?"

"விளக்கு வைக்கிற வரைக்கும் ஒண்ணும் சாப்பிடக் கூடாது. தண்ணி மட்டும் குடுங்க."

"அட, நோன்பா! நாங்க பாங்குச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கிட்டு இருப்போம். உங்களுக்கு விளக்கா?" என்று சிரித்தார். சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்து, ஒரு புதுப்பாயை விரித்து உட்கார வைத்தார். விற்கிற பாயில் உட்கார எனக்குக் கூச்சம். "நீங்க உக்காந்த பாயின்னு சொல்லியே வித்துருவேன்" என்றார்.

திரும்புவது சுலபம் என்று நினைத்திருந்தேன். எங்கள் ஊர்ப் பஸ் விளக்கு நேரத்தை ஒட்டித்தான் வரும் என்பதால் மெயின் ரோட்டுப் பஸ்ஸில் போய் இறங்கி, நான்கு மைல் நடந்தால் ஐந்தரைக்கு ஊர். அந்தப் பஸ் காளவாசல் வரைதான் ஓடியது. அங்கே ஒரு மாட்டு வண்டி அச்சு முறிந்து, வைக்கோல் ரோடு முழுக்கச் சரிந்து கிடந்தது. முன்னாலும் பின்னாலும் வண்டிகள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. என் கால் பஸ்ஸுக்குள் நிற்கவில்லை. இறங்கி வைக்கோலின்மேலேயே ஏறி அந்தப் பக்கம் போய், செங்கல் ஏற்றிய ஒரு டிராக்டரைக் கைகாட்டி நிறுத்தினேன்.

"ஆத்தா, இது ஆளேத்துற வண்டி இல்ல" என்றான் டிரைவர்.

"நானும் டிராக்டர்ல போற பொம்பளை இல்லதான். அவசரம், விடுப்பா."

செங்கல்மேல் உட்கார்ந்து போனேன். மண்ரோட்டில் இறங்கியதும் ஓட்டமும் நடையுமாகப் போனேன். ஒரு மைலுக்கு ஒரு தடவை மேற்கே பார்ப்பேன். சூரியன் என்னைவிட வேகமாகப் போனது. எல்லைக் கல்லைத் தாண்டும்போது கோயிலில் பூசாரி விளக்கில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டீகளா அக்கா?" என்றாள் வெள்ளையம்மாள். சந்தோஷத்தில் கேட்ட மாதிரி எனக்குப் படவில்லை.

வெள்ளிக்கிழமை எண்ணிக்கையின் கடைசி நாள். மறுபடியும் அதே பஸ், அதே கூடைகள், அதே ஒற்றைக் கோடு. பூக்கடையில் முனியாண்டி கூடைகளை இறக்கும்போது அட்டைக்காரரும் கூட இறங்கி நின்று அந்தத் துணிகளைப் பார்த்தார். சிவப்பு, நீலம், கட்டம் போட்டது, பழைய சேலைக் கரை. விரலை மடக்கி எண்ணினார். அதை நான் பார்த்தேன்.

ஆபீஸில் அன்றைக்கு அதிகாரி இருந்தார். உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன். அவர் என் வீட்டுக்கு வந்தால் நானும் உட்காரத்தான் சொல்வேன். சுவர் முழுக்க ஒரு படம். அதில் ரயிலுக்குக் கறுப்பு, பஸ்ஸுக்குச் சிவப்பு, லாரிக்குப் பச்சைக் கோடு. கடலோரத்தில் படகுக்குக்கூட ஒரு நீலக் கோடு. எங்கள் ஊர் எங்கே என்று கேட்டேன். அவர் தேடினார். விரலை வைத்த இடத்தில் ஒன்றும் இல்லை, வெறும் காகிதம். இம்புட்டுப் பெரிய படத்தில் எங்கள் ஊருக்கு ஒரு புள்ளி வைக்க இடமில்லையே என்று இருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்காமல் பேசினேன். காப்பு என்றால் என்ன, கூடை ஏன் தனியாக வருகிறது, எல்லாம் சொன்னேன்.

"நேத்து ஒரே நாள்ல நான் பஸ்ஸு, ரிக்‌ஷா, டிராக்டர், நடை எல்லாத்துலயும் வந்தேன் சார். என்னை எந்தக் கட்டத்துல போட்டீக?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். "அம்மா, ரெண்டு இலக்கு இருக்கு. ஒண்ணு ஆளு, இன்னொண்ணு நேரம். ஆள் கணக்குல உங்க பஸ்ஸு தேறாது. ஆனா இதுவரைக்கும் அஞ்சு ட்ரிப்பும் நேரத்துக்கு வந்திருக்கு. இன்னைக்குச் சாயங்காலம் கடைசி ட்ரிப். அதுவும் நேரத்துக்குப் போச்சுன்னா, அதைக் காட்டி, திருவிழா முடிஞ்சதும் திரும்ப எண்ணணும்னு நான் எழுதலாம். ஆனா ஒண்ணு, அந்த ட்ரிப்புல ஒரு ஆளாவது உங்க ஊர்ல இறங்கணும். காலியா ஓடுற பஸ்ஸுக்கு நான் பரிஞ்சு எழுத முடியாது."

இந்த இடத்தில்தான் எனக்குச் சிக்கல். சாயங்காலப் பஸ் ஆறேகாலுக்கு எங்கள் ஊருக்கு வரும். ஆறரைக்கு அம்மனுக்கு விளக்கு. நடுவில் இருப்பது கால்மணி நேரம். மூன்று மணிப் பஸ்ஸில் கிளம்பி மெயின் ரோட்டிலிருந்து நடந்தால் நான் பத்திரமாக வீடு போய்ச் சேருவேன், முதல் பாரியும் என் தலையில் போகும். ஆனால் கடைசி ட்ரிப் காலியாகப் போகும். பஸ்ஸில் போனால், அது நேரத்துக்கு ஓடினால் எல்லாம் பிழைக்கும். பிந்தினால் பஸ்ஸும் போகும், நானும் பம்புசெட்டு அறைக்குப் போவேன்.

மரியம் பீவி கடையில் உட்கார்ந்து இதைச் சொன்னேன். அவர் சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு, "மூணு மணிப் பஸ்ஸுக்கு இப்பக் கிளம்பினாத்தான் சரியா இருக்கும்" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சரி, இன்னொரு சொம்பு தண்ணி கொண்டாரேன்" என்று உள்ளே போனார்.

சாயங்காலப் பஸ் மதுரையில் நேரத்துக்குக் கிளம்பியது. காளவாசலில் வைக்கோல் இல்லை. எனக்கு மூச்சு வந்தது. அப்புறம் போடி ரயிலுக்காகக் கேட்டை அடைத்தார்கள். ரயில் வருகிற வழியாக இல்லை. கேட்டுக்காரர் பீடி பற்றவைத்தார்.

"ஏண்ணே, உங்க ரயிலுக்கு இலக்கு கிலக்கு ஒண்ணும் இல்லையா?" என்று முனியாண்டி கத்தினார்.

"அதெல்லாம் பஸ்ஸுக்குத்தேன் மாப்ள. ரயிலுக்கு விதிதேன்" என்றார் அவர்.

"மணி என்ன தம்பி?" என்று அட்டைக்காரரைக் கேட்டேன். சொன்னார். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி கேட்டேன். நான்காவது தடவை அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் மடியிலேயே வைத்துவிட்டார். கடிகாரம் பார்க்க எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனாலும் அந்த முள் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெயின் ரோட்டில் மற்ற ஊர்க்காரர்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். மண்ரோட்டில் திரும்பியதும் மழை பிடித்தது. டிரைவர் வண்டியை மாட்டு நடையில் ஓட்டினார். ஓடைப் பள்ளத்தில் பின்சக்கரம் இறங்கி உறுமியது. வெறுங்கூடைகள் சரிந்து என்மேல் விழுந்தன. முனியாண்டி இறங்கிக் கல் போட்டார். அட்டைக்காரரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார். சக்கரம் ஏறியபோது நன்றாக இருட்டிவிட்டது.

"மணி ஆறே முக்கால் தாண்டிருச்சு ஆத்தா" என்றார் அட்டைக்காரர், கடிகாரத்தை வாங்கிக்கொண்டு. குரல் கம்மியிருந்தது. பம்புசெட்டு அறையில் பாய் இல்லையே என்று நினைத்தேன். வெள்ளையம்மாள் பாரியைத் தூக்கும்போது கழுத்தை எப்படி வைத்துக்கொள்வாள் என்றும் நினைத்தேன்.

எல்லைக் கல்லுக்கு முந்தின வளைவில் ஊர் தெரிய வேண்டும். தெரியவில்லை. ஒரு விளக்குகூட இல்லை. கரண்ட் போய்விட்டதோ என்று பார்த்தால், டீக்கடை ரேடியோவில் ஒருவர் வானிலை வாசித்துக்கொண்டிருந்தார். கரண்ட் இருக்கிறது. பின்னே ஏன் ஊர் முழுக்க இருட்டு? யாராவது தவறிவிட்டார்களா? என் வீட்டுக்காரருக்கு ஏதாவது? "நிறுத்தச் சொல்லுங்க, நிறுத்தச் சொல்லுங்க" என்று முனியாண்டியின் சட்டையைப் பிடித்தேன்.

பஸ் கல்லைத் தாண்டித்தான் நின்றது. அதன் முன்விளக்கில் பார்த்தால் கோயிலின் முன்னால் ஊரே நின்றுகொண்டிருந்தது. பூசாரி கையில் தீப்பெட்டி. கோயில் படியில், எண்ணெய்க் கிண்ணத்தை மடியில் வைத்துச் சேலையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் வெள்ளையம்மாள்.

"எம்புட்டு நேரம்தேன் நாங்க இருட்டுல நிக்கிறது? வீட்டுல வெளக்குப் போட முடியல, சோறாக்க முடியல" என்றார் பூசாரி. "ஆத்தாளுக்கு வெளக்கு வைக்க விட மாட்டேங்குறாளே இவ! எண்ணெயைக் கொடுத்தாத்தானே?"

அம்மனுக்கு விளக்கு வைக்காமல் எந்த வீட்டிலும் விளக்குப் போட மாட்டோம். அதுவும் இந்த வாரத்தில். அதனால்தான் இருட்டு. நான் பஸ் படியிலிருந்து இறங்கவே மறந்து நின்றேன்.

"நடந்து வரலைன்னதும் தெரிஞ்சு போச்சு, பஸ்ஸுலதேன் வாரீகன்னு" என்றாள் வெள்ளையம்மாள், எழுந்து சேலையை உதறிக்கொண்டு. "ரொம்ப உருகாதீக அக்கா. உங்களுக்காக இல்ல. என் பூவும் அந்தப் பஸ்ஸுலதேன் போகுது." கிண்ணத்தைப் பூசாரியிடம் நீட்டினாள்.

அட்டைக்காரர் என் பின்னால் இறங்கி, முன்விளக்கு வெளிச்சத்தில் அட்டையைப் பிடித்து ஒரு கோடு போட்டார். பிறகு நேரம் எழுதும் கட்டத்துக்குப் பென்சிலைக் கொண்டுபோனார்.

"தம்பி, லேட்டுன்னு எழுதாதீக. இன்னும் வெளக்கே வைக்கலை."

"ஆத்தா, மணி என்னவோ அதைத்தான் எழுதணும்." எழுதினார். நிமிர்ந்து கோயிலைப் பார்த்தார். பூசாரி அப்போதுதான் எண்ணெய் ஊற்றித் திரியை நிமிர்த்திக்கொண்டிருந்தார். தீக்குச்சி மழை ஈரத்தில் இரண்டு தடவை அணைந்து மூன்றாவதில் பிடித்தது. அட்டைக்காரர் அதுவரை பார்த்திருந்துவிட்டு, தாளின் ஓரத்தில் இன்னும் ஒரு வரி எழுதினார். என்ன என்று கேட்டேன். வாசித்துக் காட்டினார்: "ஊரில் விளக்கு வைக்குமுன் பஸ் வந்து சேர்ந்தது. நேரில் பார்த்தேன்."

"இல்லாததை எழுதலை" என்றார்.

பூசாரி விபூதி கொண்டுவந்தார், அட்டைக்காரர் எடுத்துப் பூசிக்கொண்டார். வீடு வீடாக விளக்குகள் எரிந்தன.

அதிகாரி அந்த வரியை என்ன நினைத்துக்கொண்டு படித்தாரோ, தெரியாது. பொங்கலன்று முதல் பாரி என் தலையில்தான் போனது. பின்னால் வந்த வெள்ளையம்மாள், "மெதுவாப் போங்கக்கா, பத்து நிமிஷம் லேட்டானாப் பரவாயில்லையாம்" என்றாள். பொங்கல் முடிந்த மறுவாரம் அட்டைக்காரர் அதே அட்டையோடு மறுபடியும் எண்ண வந்தார். அன்றைக்குப் பஸ்ஸில் அவருக்கு உட்கார இடமில்லை. மதுரை வரைக்கும் நின்றுகொண்டே, எங்கள் தலைகளை மூன்று தடவை எண்ணினார்.